இடப்பக்கம் திரும்பினால் அடிக்கும் ஹாரன்

என் கணவர் மஸ்கட்டில் பல வருடம் டிரைவராக இருந்தவர். மணல்மேட்டில் கம்பெனி ஜீப்பை ஏற்றி இறக்கிப் பழகியவருக்கு, ஊருக்கு வந்து மொபெட்டில் கடலைக்கொல்லைக்குப் போவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "மழை பெஞ்சா சேத்துல மொபெட்டு போகுமா?" என்று கேட்பார். திருமயம் பக்கத்தில் மழையை நம்பிக் குடை வாங்கவே யோசிப்போம். இவர் ஜீப் வாங்க யோசித்தார். யோசித்ததோடு நிற்கவில்லை. ஒருநாள் காலை பஸ் ஏறி மீமிசல் போனவர், சாயங்காலம் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய ஜீப்பை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார்.

இறங்கியவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எங்கள் மகள் பிறந்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்புடி இருக்கு?" என்றார்.

"மீன் வாடை அடிக்குதுங்க."

முகம் சற்றே வாடியது. முன்பு வைத்திருந்தவர் அந்த ஜீப்பில் ஐஸ் பெட்டி ஏற்றியிருக்கிறார், படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்திருக்கிறார், மற்ற நேரமெல்லாம் கடற்கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். "இன்ஜின் சிங்கம் மாதிரி இருக்கு, வாசனைக்கா வண்டி வாங்குறோம்?" என்று கேட்டுவிட்டு, எலுமிச்சம்பழமும் ஷாம்பூவும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கழுவக் கழுவ வாடை வண்டியிலிருந்து தெருவுக்குப் பரவியது. மறுநாள் விடிந்தபோது எங்கிருந்தோ வந்த பூனைகள் ஜீப்புக்கு அடியில் குடித்தனம் வைத்திருந்தன.

பூனைகளைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வண்டியின் கரண்ட் சமாச்சாரம்தான் ஆளைப் படுத்தியது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க இன்டிகேட்டரும் மங்கலாக எரியும். இடது இன்டிகேட்டரைப் போட்டால் முன் விளக்கு கண்ணடிக்கும். எதுவுமே போடாமல் சும்மா நிறுத்தி வைத்தால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். தெருவில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக அந்த ஹாரன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் தானாக அடிக்கும். வலப்பக்கம் திருப்பினால் அடிக்காது. நேராகப் போனாலும் அடிக்காது. இடப்பக்கம் மட்டும்தான்.

அடிக்கிற சத்தமாவது வண்டிச் சத்தமாக இருந்ததா? உப்புக்காற்றில் துருப்பிடித்த அந்த ஹாரன், சைக்கிளிலும் பைக்கிலும் மீன் கொண்டுவருகிறவர்கள் அமுக்குவார்களே, ரப்பர் பந்து ஹாரன், அதேபோல "ப்பாம்" என்று அலறும். முதல் நாள் கொல்லைக்குக் கிளம்பித் தெருமுனையில் திரும்பியதும் நான்கைந்து வீட்டிலிருந்து பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். ஒரு அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "என்னம்மா, மஸ்கட்டுலேருந்து வந்து மீன் ஏவாரமா? இன்னிக்கு என்னா, நண்டா?" என்று கேட்டாள். வாடை வேறு அவள் பக்கம் சாட்சி சொன்னது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், அந்தத் தெருமுனை வீடு என் அண்ணன் வீடாக இல்லாமல் இருந்திருந்தால்.

என் அண்ணனும் என் கணவரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது அது. காரணம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஒரு ஃபிளெக்ஸ் பேனர். என் கணவர்தான் புதுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து அடித்தார். இறந்துபோன என் அப்பா படத்துக்கு மாலையும் விளக்கும் போட்டு, பக்கத்தில் தாய்மாமன் என்று என் அண்ணன் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஒரே மீசை. கடைக்காரர் குழம்பிப்போய், அப்பாவைத் தாய்மாமன் ஆக்கிவிட்டு, அண்ணனுக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றிவிட்டார். மண்டப வாசலில் அது காலையிலிருந்து நின்றிருக்கிறது, எங்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறந்தாங்கியிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சித்தப்பா பேனரைப் பார்த்து வாசலிலேயே கண் கலங்கிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். "சித்தப்பா, இன்னுங் கொஞ்சம் சாம்பாரு?" என்று வாளியோடு அண்ணன் எதிரில் போய் நிற்க, அந்த மனுஷன் இலையைத் தாண்டி எகிறிக் குதித்தார்.

அன்றைக்குப் போனவர்தான் அண்ணன். என்னோடு மட்டும் போனில் பேசுவார். என் கணவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் "ஒம் புருசன்" என்பார். "மாப்ள" என்ற வார்த்தையையே மறந்துவிட்டார்.

இப்போது தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் "ப்பாம்".

முதல் வாரம் பொறுத்தார். பிறகு போன் வந்தது.

"ஏத்தா, ஒம் புருசனுக்கு என்னா வேணுமாம்?"

"எதுக்குண்ணே?"

"தெருவுல இம்புட்டு வீடு இருக்கு. எவன் வீட்டுலயும் அடிக்காத ஆரனு எம் வீட்டுக்கு நேரா வந்தாத்தான் அடிக்குது. உசுரோட இருக்கேனா, போயிட்டேனான்னு பாக்குறாராமா?"

"அண்ணே, அது தானா அடிக்குதுண்ணே. எடப்பக்கம் திருப்புனா அடிக்கும்."

"திரும்பி வாரப்ப மட்டும் ஏன் அடிக்கல?"

"வாரப்ப அது வலப்பக்கம்ணே."

"கட்டிக்கிட்டவருக்கு நல்லாத்தான் பேசுற" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் கணவரிடம் வந்து, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மஸ்கட்டில் வண்டி ஓட்டியவர், இதைக்கூடப் பார்க்க மாட்டாரா? அங்கே வண்டி இருமினாலே கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வேறு வண்டி எடுத்துக்கொள்வார்கள் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை அப்போது ஞாபகப்படுத்தவில்லை. ஆன்லைனில் ஒரு மல்டிமீட்டர் வரவழைத்தார். யூடியூபில் இந்திக்காரர் ஒருவர் பழைய ஜீப்பைப் பிரித்துக் காட்டுவதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். இந்தி இவருக்கு மஸ்கட்டில் ஒட்டிக்கொண்டது. "எல்லாத்துக்கும் காரணம் எர்த்து" என்று அவரிடமிருந்து ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னை டிரைவர் சீட்டில் ஏற்றினார். அவர் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

"பிரேக்க அமுக்கு!"

அமுக்கினேன்.

"அமுக்குனியா?"

"அமுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"விடு!"

விட்டேன்.

"இப்ப அமுக்கியிருக்கியா, விட்டிருக்கியா?"

"நீங்க விடச் சொன்னீங்க, விட்டேன்."

"அப்ப ஏன் எரியுது?"

"எனக்கெப்புடித் தெரியும்? நான் முன்னாடியில்ல இருக்கேன்."

வெகு நேரம் இப்படியே போனது. உலை கொதித்து வழிகிற வாசனை வந்தது. இறங்கவும் முடியவில்லை, இறங்கினால் "பாதியில விட்டுட்டுப் போறா" என்பார். கடைசியில் அவர் முன்னால் வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு எதையோ இழுத்தார். ஹாரன் நிற்காமல் அலற ஆரம்பித்தது. தெருவில் பாத்திரங்கள் தெரிந்தன. பதறிப்போய் இன்னொன்றைப் பிடுங்கினார். சட்டென்று அமைதி. கையில் ஒரு சின்ன ஃபியூஸ் இருந்தது.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தார். சத்தமில்லை. இன்னொரு முறை ஒடித்தார். சத்தமில்லை.

"முடிஞ்சுது!" என்றார். "ஆரனே வேணாம். நம்ம ஊருல ஆரனு அடிச்சா எவன் வெலகுறான்?"

ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மல்டிமீட்டரை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த சில நாட்கள் தெருமுனையில் அவர் சத்தமில்லாமல், ராஜா ஊர்வலம் போவதுபோல அனுபவித்துத் திரும்பினார். அண்ணன் வழக்கம்போலக் கோபப்படுவதற்குத் தயாராக வாசலில் வந்து நிற்பார். கோபப்பட ஒன்றும் கிடைக்காமல் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அந்த ஒரே ஃபியூஸில்தான் பின்பக்க பிரேக் லைட்டும் ஓடுகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பிரேக் லைட் வேலை செய்யவில்லை என்று முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். பின்னால் வந்தவர் என் அண்ணன்.

திருமயம் சந்தைக்கு நானும் கணவரும் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்துகொண்டிருந்தார். ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். சிங்கம் மாதிரி இன்ஜின் என்று சொன்னாரே தவிர, பிரேக் அதைவிடச் சிங்கம். வண்டி அப்படியே நின்றது. பின்னால் டங்கென்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினேன். அண்ணனுக்கு அடி ஒன்றும் இல்லை. பைக்கின் முன்சக்கரம் ஜீப்பின் ஸ்டெப்னி டயரில் முட்டி நின்றிருந்தது. பால் கேன் மூடி தெறித்து, அத்தனை பாலும் ஜீப்பின் பின்பக்கத்தில் அபிஷேகமாகி, வழிந்து ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்திலும் பால். அந்த மீசையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "பிரேக்கு லைட்டு எங்கன்னு ஒம் புருசன்ட்ட கேளு."

என் கணவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளிகூட இல்லை.

"பிரேக்கு லைட்டெல்லாம் எரியும்னு சொல்லு" என்றார் அவர்.

"எரியுமாம்ணே."

"எரிஞ்சா நான் ஏன் வந்து முட்டுறேன்? எனக்கென்ன வேண்டுதலா? கேளு."

"முட்டுனாரே, முன்னாடி ஆரனு அடிச்சாரான்னு கேளு."

ஹாரன் என்ற வார்த்தையை என் கணவர் எடுத்திருக்கக் கூடாது. அண்ணனின் முகம் பாலுக்கு அடியில் சிவந்தது.

"ஆரனப் பத்தி யாரு பேசுறதுன்னு கேளு, தங்கச்சி! நல்லாக் கேளு!"

"ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?" என்று கத்திவிட்டேன். "நான் என்ன போனு டவரா?"

சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் ஒருவரையும் பார்க்காமல் நேராக ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று, "அமுக்கச் சொல்லு" என்றார். என் கணவர் ஏறி அமுக்கினார். லைட் எரியவில்லை. இன்னும் ஓங்கி அமுக்கினார். ஓங்கி அமுக்கினால் எரிகிற ஜாதி இல்லை அது. இறங்கி வந்து தானும் பார்த்தார். அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

நாங்கள் வீடு திரும்பியபோது பாலும் மீனும் சேர்ந்த வண்டியைப் பூனைகள் எப்படி வரவேற்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ஞாயிறு. வாசலில் பைக் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் அண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்காதவர், காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, கையில் கட்டிங் பிளேயரோடு நின்றார். தன் பம்ப்செட் மோட்டாரைத் தானே கழற்றி மாட்டுகிறவர் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"வாங்கண்ணே. காபி போடவா?"

"காபிக்கு வரல. லைட்டு எரியிற வரைக்கும் இந்த வண்டி ரோட்டுல போகக் கூடாது. நாளைக்கு வேற எவனாச்சும் வந்து விழுவான். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். சொல்லு."

சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே நின்றதால் நான் சொல்லவில்லை.

என் கணவர் ஃபியூஸை எடுத்து அதன் இடத்தில் சொருகினார். பிரேக்கை மிதித்தார், லைட் பளிச்சென்று எரிந்தது. அண்ணன் எதிர்பார்க்கவில்லை. "அப்ப நேத்து ஏன் எரியல?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். என் கணவர் பதிலுக்கு ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்.

"ப்பாம்."

அண்ணன் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"தங்கச்சி, ஆரன் பட்டன்ல கைய வைக்காம திருப்பச் சொல்லு."

என் கணவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் அடிவட்டத்தில் பிடித்துத் திருப்பிக் காட்டினார். ப்பாம். வலப்பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. இவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். இடம், ப்பாம். வலம், மௌனம். இடம், ப்பாம். ஒரு சின்னப் பிள்ளை கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல நெடுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அம்மாள் சட்டியோடு வந்து பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போனாள்.

"எடப்பக்கந்தான் அடிக்குது" என்றார் கடைசியில், எங்களுக்குத் தெரியாத விஷயத்தைக் கண்டுபிடித்தவர்போல. குரலில் கோபம் இல்லை. இத்தனை நாள் கோபப்பட்டது ஒரு வயர் மீது என்று புரிந்துகொண்ட மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது; எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குமேல் இருவரையும் பிடிக்க முடியவில்லை. என் கணவர் ஹாரன் பட்டனில் கோளாறு என்றார், என்னிடம். அண்ணன் பட்டன் இல்லை, வயருக்குள் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்றார், என்னிடம். இவர் மல்டிமீட்டரை வைத்தார்; அதில் ஒரு எண் வந்தது; அந்த எண் நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் தெரியவில்லை. "அந்தப் பெட்டியத் தூரப் போடச் சொல்லு. நேரடியா கரண்டு குடுத்துப் பாப்போம்" என்றார் அண்ணன். மோட்டார் வேலைக்கு வைத்திருந்த தடித்த வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். ஹாரனைக் கழற்றிவிட்டு, அதற்குப் போகிற வயரில் மறுமுனையைச் சேர்த்து முறுக்கினார்.

"தங்கச்சி, ஏறி ஒக்காந்து எடப்பக்கம் திருப்பு."

"எனக்கு பயமா இருக்குண்ணே."

"பன்னெண்டு வோல்ட்டுத்தா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

ஏறினேன். திருப்பினேன்.

என் கால்மாட்டில், ஸ்டியரிங் தண்டு கீழே இறங்குகிற இடத்தில், சட்டென்று ஒரு பொறி பறந்தது. நீலமாக, தீபாவளி மத்தாப்பு மாதிரி. அடுத்த நொடி வயர் முழுக்கப் புகைந்து, ரப்பர் கருகுகிற நாற்றம் மீன் வாடையையே அமுக்கிவிட்டது. நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது; வாசல் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே வலப்பக்கம் திருப்பியிருந்தாலே புகை நின்றிருக்கும் என்று பிற்பாடு இருவரும் எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

அண்ணன் புகைகிற வயரை வெறுங்கையால் பிடித்துவிட்டு உதறினார். சுற்றின சுற்றை அவிழ்க்க முடியவில்லை.

"மாப்ள! பேட்டரியக் கழட்டுங்க மாப்ள!"

"கைய எடுங்க மச்சான்! மொதல்ல கைய எடுங்க!"

என் கணவர் பேட்டரி முனையை ஒரே இழுப்பில் பிடுங்கினார். கடல் உப்பு தின்று அது ஏற்கெனவே லொடலொடவென்றுதான் இருந்தது; அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. புகை மெதுவாக அடங்கியது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாங்கள் என்ன சொல்லிக் கத்தினோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது போலிருந்தது.

"கை சுட்டுருச்சா மச்சான்?"

"இல்ல மாப்ள. லேசா."

நான் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன். அண்ணன் விரல்களைச் சொம்புக்குள் விட்டுக்கொண்டு நின்றார். "பொறி எங்கிட்டு வந்துச்சு, தங்கச்சி?" என்று கேட்டார். நான் மறுபடி முருங்கை மரத்தடிக்கே போய் நின்றுகொண்டு கையை நீட்டிக் காட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையை உள்ளே விட்டு முட்டிக்கொண்டார்கள். அங்கே ஹாரன் வயர் ஸ்டியரிங் தண்டில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது போய் இரும்பில் ஒட்டியிருக்கிறது.

மற்றக் கோளாறுகளுக்கு இந்திக்காரர் சொன்னதுதான் சரியாக இருந்தது. வண்டியின் எர்த் வயர்கள் பாடியில் முறுக்கியிருந்த இடமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்துக் கிடந்தது. ஒருவர் உப்புத்தாளால் தேய்க்க, ஒருவர் போல்ட்டை முறுக்க, பிரேக் லைட் பிரேக் லைட்டாகவும் இன்டிகேட்டர் இன்டிகேட்டராகவும் எரிய ஆரம்பித்தன. கருகிய வயரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுத் தண்டில் உரசாமல் கட்டினார்கள். பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரி ஒரு முனையைக் கழற்றி வைப்பது, காலையில் மாட்டுவது என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

டேப்பை வளைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, தலையை வெளியே எடுக்காமலேயே என் கணவர் பேசினார்.

"மச்சான், அந்த ஃபிளெக்ஸு... அச்சாகி வந்தத நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. கட்டுறவங்ககிட்ட அப்புடியே குடுத்துட்டேன். பாத்திருக்கணும். எந் தப்புதான்."

"வெளக்குப் போட்டதுகூட பரவால்ல மாப்ள" என்றார் அண்ணன். "அந்தச் சித்தப்பா இன்னும் என்னைப் பாத்தா ரெண்டு எட்டுத் தள்ளித்தான் நிக்கிறாரு."

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, பிறகு இரண்டு. யாருடையது முதலில் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது இரண்டு ஜோடிக் கால்களைத்தான்.

மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சுட்ட கைக்குக் கரண்டி கொடுத்தேன். வேண்டாம் என்று இடது கையால் தட்டைச் சாய்த்துப் பிடித்து, வலது கையின் மிச்ச விரல்களால் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "மாப்ள, நம்ம பம்ப்செட்டு கொஞ்ச நாளா ஒரு மாதிரியா ஒறுமுது. அடுத்த ஞாயித்துக்கெழம அங்கிட்டு வாங்க, ஓப்பன் பண்ணிப் பாத்துருவோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போனோம். அண்ணியும் நானும் வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். மல்டிமீட்டரும் டெஸ்டரும் பகல் முழுக்க வேலை செய்தன. சாயங்காலம் சுவிட்சைப் போட்டார்கள். உறுமல் சுத்தமாகப் போய்விட்டது. மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடியது. தண்ணீர்தான் வரவில்லை. வயரை மாற்றிக் கொடுத்ததில் அது பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அதைப் பார்த்தார்கள். "சத்தமே இல்ல பாத்தீங்களா மாப்ள" என்று அண்ணன் சொன்னார். அண்ணி கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து, வயர்மேனுக்குப் போன் போட்டாள்.